கலப்பு மின்சுற்றுக்களும் கணினியிற் போலச்செய்தலும்

தமிழ் கற்பிப்போன் மின்சுற்றைப் பற்றி எழுதப் புகுவது முறையோ என்று அன்பர்கள் வினவக்கூடும். மலர்க் குழுவினர் என்பாற் கேட்டதும் இலக்கியக் கட்டுரையொன்றே. ஆயினும், உயர்தர வகுப்பிலே பௌதிகவியல் கற்கும் மாணவர் சிலர், பாடநூலிலுள்ள கலைச்சொற்களின் பொருளறிய வேண்டி மாலை வேளைகளில் என்னிடம் வருவாராயினர். சொல்லுக்குப் பொருள் கூறப் போனவன், நாளடைவில் அச்சொற் குறிக்கும் பொருளையே காண விரும்பி, அவர்தம் வேலையில் ஒருவனாய் அகப்பட்டுக்கொண்டேன். அவ்வேலையிற் கற்றதையும், என் அவசரத்தாற் பிழைத்ததையும் ஈண்டு எழுதுகின்றேன். பௌதிகவியலிற் புலமையுடைய பழைய மாணவர்கள் குற்றங் காணின் எடுத்துரைப்பாராக.

இலத்திரனியற் சுற்றுக்கள் இருவகைப்படும். ஒப்புமைச் சுற்றில் வோல்ற்றளவானது இடையறாது ஏறியும் இறங்கியும் செல்லும். 2 வோல்ற்றுக்கும் 3 வோல்ற்றுக்கும் நடுவே எண்ணிறந்த நிலைகள் உள்ளன. இலக்கச் சுற்றிலோ 0, 1 என்னும் இரண்டு நிலைகளே உண்டு. தமிழ் கற்றார்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. வாயினின்றெழும் ஓசை இடையறாத ஒழுக்கு. இலக்கண நூலார் அதனை எழுத்தென்று கூறிட்டு, கண்ணிமைப் பொழுதையும் கைந்நொடிப் பொழுதையும் அளவாகக் கொண்டு, குறிலுக்கு மாத்திரை ஒன்று, நெடிலுக்கு இரண்டு, குற்றியலுகரத்துக்கு அரை என வரையறை செய்தனர். ஓசை ஒப்புமை; மாத்திரையால் வரையறுக்கப்பட்ட எழுத்து இலக்கம். (தமிழ்நாட்டார் பின்னதனை எண்ணிமம் என்றும் எண்மியம் என்றும் வழங்குவர். நம் நாட்டுப் பாடநூல் வழக்கையே யான் கொண்டேன்.)

இக்காலத்துக் கருவிகளிலே இவ்விரண்டும் கலந்தே இருக்கின்றன. கைப்பேசியிற் புகுங் குரல் ஒப்புமை. உள்ளே சென்று அஃது இலக்கமாகி, மறுமுனையில் மீண்டும் ஒப்புமையாய் ஒலிக்கின்றது. இத்தகையதே கலப்புச் சுற்று. சொற்கள் தனித்து நிற்குங்கால் விகாரமில்லை. நிலைமொழி ஈறும் வருமொழி முதலும் கூடுமிடத்திலேதான் தோன்றலும் திரிதலும் கெடுதலும் நிகழும். கலப்புச் சுற்றின் இடர்ப்பாடுகளும் அத்தகையனவே. இரு பகுதிகளையும் தனித்தனியே சோதித்தாற் குறையொன்றும் தெரியாது, கூட்டியபின் இயங்காது. அக்கூடுமிடத்தைப் பற்றியதே இக்கட்டுரை.

கடற்கரையண்டை வாழும் மீனவர் ஒருவரின் மகன் எம்மிடம் வந்த மாணவருள் ஒருவன். மாரிகாலத்திலே அவர்கள் ஒழுங்கையிலுள்ள வடிகால், கடல் பெருகும் வேளையில் நீரைக் கடலுட் செல்லவிடாது. கடல்நீர் ஒரு குறித்த மட்டத்தை எத்தனை முறை தாண்டுகின்றது என்று இரவும் பகலும் எண்ணிவைக்கும் கருவியொன்றைச் செய்ய அவன் விரும்பினான். கணக்கிருந்தால் உரியவர்களிடம் சென்று கேட்கலாமன்றோ என்பது அவன் கருத்து. பதினேழு வயதுப் பிள்ளையின் எண்ணமாதலின் எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

அமைப்பு எளியதே. நீரிலே ஒரு மிதவை. அதனோடு பிணைத்த மாறுந்தடை ஒன்று. நீர்மட்டம் ஒரு மீற்றர் ஏறினால் வோல்ற்றளவு 0 இலிருந்து 5 வரை ஏறும். எனவே ஒரு சென்ரிமீற்றருக்கு 50 மில்லிவோல்ற்று. அவ்வோல்ற்றளவை 2.5 வோல்ற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கச் செயற்பாட்டு விரியலாக்கி ஒன்று. அதன் பயப்பு 0 இலிருந்து 1 ஆகுந்தோறும் ஓர் எண்ணி ஒன்று கூட்டும். மிதவை முதல் விரியலாக்கி வரை ஒப்புமை, எண்ணி இலக்கம். மிதவையைக் கையால் மெல்லத் தூக்கிப் பல்மானியால் அளந்தோம், சரியாயிருந்தது. எண்ணியின் வாயிலில் ஆளியைத் தட்டிப் பார்த்தோம், அதுவுஞ் சரியே. இரண்டையும் பொருத்தி இறங்குதுறைக்கு எடுத்துச்செல்ல வேண்டியதொன்றே எஞ்சியது. இரவு முழுதும் துறையிலிருந்து பார்க்க வழியில்லை. வோல்ற்றளவின் போக்கைத் திரையிற் காட்டும் அலைவுகாட்டியும் எம் கைவசம் இருக்கவில்லை. ஆகவே கணினியை நாடினோம்.

கருவியைச் செய்யுமுன் அதன் நடையைக் கணக்கினாற் கண்டறியும் வழக்கம் நமக்கு அந்நியமானதன்று. இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியும், திருகோணமலை இந்துக் கல்லூரியின் பொறுப்பை ஏற்று நடத்தியவருமாகிய விபுலாநந்த அடிகள், 1947 இல் வெளிவந்த யாழ் நூலிலே, வழக்கொழிந்துபோன யாழ்களின் நரம்புகளுக்குரிய சுருதிகளைக் கணிதத்தாலே துணிந்தார். கணக்கு முந்தியது, கருவி பிந்தியது. மின்சுற்றுக்கு அவ்வாறு கணக்குச் செய்து கொடுக்கும் மென்பொருளையே போலச்செய்தல் நிரல் என்கின்றோம்.

இவ்வகை நிரல்களுக்கெல்லாம் மூலம் ஸ்பைஸ் என்பது. பெயரைக் கேட்ட மாணவர்கள் கறுவாவையும் ஏலத்தையும் நினைத்துச் சிரித்தனர். ஒருங்கிணைந்த சுற்றுக்களை முதன்மையாகக் கொண்ட போலச்செய்தல் நிரல் என்னும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துக்களாலாய பெயர் அஃது. அமெரிக்காவில் பேர்க்கிளி நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், டொனால்ட் பெடர்சன் என்னும் பேராசிரியரின் வழிகாட்டலில் லோறன்ஸ் நேகல் என்னும் மாணவர் ஆக்கி, 1973 இல் வெளிப்படுத்தியது. அதற்கு முன்னோடியான நிரலுக்குக் கான்சர் என்று ஒரு கொடுநோயின் பெயர் இருந்தது, மாற்றியது நன்றே. பல்கலைக்கழகத்தார் இதனைப் பூட்டிவையாது கேட்டோர்க்கெல்லாம் கொடுத்தமையால் அஃது உலகெங்கும் பரந்தது.

ஸ்பைஸ் முதலில் ஒப்புமைச் சுற்றுக்கே உரியதாயிருந்தது. அது செய்வது இதுதான்: சுற்றிலுள்ள ஒவ்வொரு சந்தியிலும் வந்து சேரும் மின்னோட்டமும் விட்டுச்செல்லும் மின்னோட்டமும் சமமாதல் வேண்டும் என்னும் கேர்ச்சோவின் விதியை எழுதி, அச்சமன்பாடுகளைத் திரும்பத் திரும்பத் தீர்த்து வோல்ற்றளவுகளைக் காணும். பின்னர் காலத்திலே ஒரு சிற்றடி எடுத்துவைத்து மீண்டும் தீர்க்கும். மாற்றம் விரைவாயின் அடி சிறுகும், மெதுவாயின் நீளும். இலக்கச் சுற்றை இவ்வாறே தீர்க்கலாமாயினும் வேலை மலைபோற் பெருகிவிடும். எண்ணியின் உள்ளே இருக்கும் தருக்கப் படலைகள் நனோசெக்கன் அளவில் நிலைமாறுவன. கடலோ ஒருமுறை பெருகி வற்ற ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் எடுக்கின்றது. வெறும் பதினைந்து நிமிடத்திற்குள் தொண்ணூறாயிரங் கோடி நனோசெக்கன்கள் உள! எல்லாவற்றையும் ஒரே அடியால் அளக்கப் புகுதல் அறிவுடைமையன்று.

ஆகவே இலக்கப் பகுதிக்கு வேறொரு முறையைக் கையாள்வர். அங்கே காலம் அடியெடுத்து நடப்பதில்லை. நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி தாவுகின்றது. ஒரு படலையின் வாயில் மாறினாலன்றி அதற்குக் கணக்கே இல்லை. இவ்விரு முறைகளையும் ஒரே நிரலில் இணைத்தது, அமெரிக்காவின் ஜோர்ஜியாத் தொழினுட்பக் கழகத்தில் 1990களின் தொடக்கத்தில் உருவான எக்ஸ்ஸ்பைஸ் என்னும் விரிவு. இன்று யாவரும் கட்டணமின்றிப் பெறத்தக்க என்ஜிஸ்பைஸ் என்னும் நிரலுள் அஃது அடங்கியுள்ளது. இலக்க நிலை 0, 1, அறியப்படாதது என மூன்று. ஒவ்வொன்றுக்கும் வலிமை நான்கு. ஆகப் பன்னிரண்டு நிலைகளை அது கையாளுகின்றது. 'அறியப்படாதது' என்னும் அம்மூன்றாம் நிலையை வாசகர் மனத்திற் கொள்க. பின்னர் அதனாலேயே எமக்குத் தலைகுனிவு நேர்ந்தது.

இரு பகுதிகளும் சந்திக்குமிடத்தில் பாலம் ஒன்று இட வேண்டும். ஒப்புமையிலிருந்து இலக்கத்துக்குச் செல்லும் பாலத்துக்கு இரண்டு எண்களை நாம் கொடுக்கின்றோம். முதலெண்ணுக்குக் கீழ்ப்பட்ட வோல்ற்றளவு 0, இரண்டாமெண்ணுக்கு மேற்பட்டது 1, இடைப்பட்டது அறியப்படாதது. எதிர்ப்பாலத்துக்கோ, 0 எத்தனை வோல்ற்று, 1 எத்தனை வோல்ற்று, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஏறவும் இறங்கவும் எவ்வளவு நேரம் என்று சொல்ல வேண்டும். ஒப்புமைப் பகுதி ஓரடி வைத்தபின், அவ்வடியின் நடுவே எல்லை கடக்கப்பட்டது தெரியவந்தால், பின்வாங்கிச் சிற்றடி வைத்துக் கடந்த கணத்தைக் கண்டுபிடிக்கும். இவ்வளவும் கணினி தானே செய்யும். அந்த எண்களை மட்டும் மனிதனே கொடுக்க வேண்டும்.

யாம் பயன்படுத்திய தொகுதி ஈசிம் என்பது. மும்பை இந்தியத் தொழினுட்பக் கழகத்தின் ஃபொசி திட்டத்தார் ஆக்கியது, கைகாட் என்னும் வரைபட நிரலையும் என்ஜிஸ்பைஸையும் இலக்கச் சுற்றுக்கான வேறு நிரல்களையும் ஒன்றாய்க் கோத்துத் தருவது, விலையில்லை. அதே கழகத்தின் ஸ்போக்கன் ரியூற்றோறியல் திட்டத்தார் கணினிப் பாடங்கள் பலவற்றைத் தமிழ்க் குரலிலும் வழங்குகின்றனர்.

இனிக் கணக்குக்கு வருவோம். நம் துறைமுகத்தில் வற்றுக்கும் பெருக்குக்குமுள்ள வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. கணக்குக்காக 60 சென்ரிமீற்றர் எனக் கொண்டோம். அப்படியாயின் நடுமட்டத்தைக் கடக்கும்போது நீர் நிமிடத்துக்குக் கால் சென்ரிமீற்றர் வீதமே ஏறும். அதன்மேல் நான்கு செக்கனுக்கொரு சிற்றலை, மேலும் கீழும் இரண்டிரண்டு சென்ரிமீற்றர் என வைத்தோம். கணினி ஓடி முடிந்து எண்ணியின் விடையைக் காட்டியபோது மாணவர் ஒருவரையொருவர் பார்த்தனர். கடல் ஒருமுறை மட்டத்தைத் தாண்ட, எண்ணி 230க்கு மேல் எண்ணியிருந்தது!

காரணம் வெளிப்படை. சிற்றலையின் முகடுக்கும் அடிக்கும் இடைத்தூரம் 4 சென்ரிமீற்றர். நிமிடத்துக்குக் கால் சென்ரிமீற்றர் ஏறும் நீர் அத்தூரத்தைக் கடக்க ஏறத்தாழ 16 நிமிடம் எடுக்கும். அதுவரையும் ஒவ்வோர் அலையும் எல்லையை ஒருமுறை மேலே தாண்டிக் கீழே இறங்கும். எண்ணி தன் கடமையையே செய்தது. அது கடலை எண்ணவில்லை, அலையை எண்ணியது. நீர் வற்றும்போதும் இப்படியே. யாம் கையால் மிதவையைத் தூக்கியபோது அலை இருக்கவில்லை. ஆளியைத் தட்டியபோது கடலே இருக்கவில்லை.

இதற்கு மருந்து பாடநூல்களிலே உண்டு. ஏறும்போது ஓர் எல்லையும் இறங்கும்போது அதனிற் தாழ்ந்த வேறோர் எல்லையும் வைத்தல். ஒட்டோ சிமிற் என்னும் அமெரிக்க விஞ்ஞானி, கணவாயின் நரம்பிலே துடிப்புச் செல்லும் விதத்தை ஆராயுங்கால் 1930களிற் கண்டறிந்த சுற்று இது. (நாம் கணவாயைக் கறிச்சட்டியில் மட்டுமே ஆராய்ந்திருக்கிறோம்.) விரியலாக்கியின் வாயிலில் 10 கிலோஓம் தடையும், பயப்பிலிருந்து வாயிலுக்குத் திரும்ப 150 கிலோஓம் தடையும் இட்டால், பயப்பு 0 முதல் 5 வோல்ற்று வரை செல்லுமிடத்து, எல்லைகள் 2.67, 2.33 வோல்ற்றுக்களாகும். இடைவெளி மூன்றிலொரு வோல்ற்று, நீரிலே 6.7 சென்ரிமீற்றர், அலையின் 4 சென்ரிமீற்றரினும் பெரிது. கணினியில் ஓட்டியபோது இடைவெளி 8.3 சென்ரிமீற்றராக வந்தது. முதலில் திகைத்தோம். பின்னரே, 10 கிலோஓம் மாறுந்தடை நடுநிலையில் இருக்கும்போது தானும் 2.5 கிலோஓம் தடையாய் நிற்பதைக் காகிதக் கணக்கில் விட்டுவிட்டோம் என்று கண்டோம். இத்தகைய மறதிகளைப் போலச்செய்தல் தயவின்றி எடுத்துக்காட்டும். எண்ணி இப்போது ஒன்றே எண்ணியது.

இவ்விடத்திலேதான் என் பிழை. திரையிற் சரியாயிருந்தால் மேசையிலுஞ் சரியாயிருக்கும் என்று துணிந்து, வரவிருந்த கண்காட்சியொன்றுக்கு உடனே பற்றாசு பிடித்துக் கொண்டுசெல்லுமாறு யானே ஏவினேன். அங்கே, தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால், விருந்தினர் பலர் நிற்க, கருவி சிலவேளை எண்ணாது கிடந்தது. சிலவேளை ஒன்றை இரண்டாக எண்ணியது. பையன் ஒன்றும் பேசவில்லை. பின்னர் இரண்டு கிழமையாக அவன் மாலை வகுப்புக்கு வரவுமில்லை. கணித விஞ்ஞானப் பிரிவை விட்டுக் கலைப்பிரிவுக்கு மாறப்போகின்றான் என்று தோழர் கூறினர். கலைப்பிரிவிலே தமிழ் கற்பிப்பவன் யான். ஆயினும் அச்செய்தி எனக்கு உவப்பளிக்கவில்லை.

அவனின்றியே ஏனையோருடன் இருந்து குறையைத் தேடினேன். பாலத்துக்கு யாம் 1 வோல்ற்று, 2 வோல்ற்று என்று, ஏதோ ஓர் எடுத்துக்காட்டிற் கண்டபடி, எண் கொடுத்திருந்தோம். விரியலாக்கிக்கும், 0 முதல் 5 வரை கணத்திலே தாவும் இலட்சியக் கருவி ஒன்றையே வரைந்திருந்தோம். தட்டிலே பொருத்தியதோ எல்.எம். 358. மின்வழங்கல் 5 வோல்ற்றாயின் அதன் பயப்பு ஏறத்தாழ 3.5 வோல்ற்றுக்கு மேல் ஏறாது. எண்ணியாகப் பொருத்திய 74 எச்.சி. வகை, 5 வோல்ற்றில் இயங்குங்கால், ஏறத்தாழ 3.5 வோல்ற்றுக்குக் குறையாதிருந்தாலே 1 என்று உறுதியாய் ஏற்கும். இரண்டும் ஒரே விளிம்பில் நின்றன. அன்றியும், 358 இன் பயப்பு மைக்ரோசெக்கனுக்கு ஏறத்தாழ 0.3 வோல்ற்று வீதமே ஏறுவது. உச்சியை அடையப் பன்னிரண்டு மைக்ரோசெக்கன் செல்லும். எண்ணி எதிர்பார்ப்பதோ அரை மைக்ரோசெக்கனுக்குட்பட்ட ஏற்றம். அவ்வாறு தயங்கி ஏறும் சமிக்ஞையை எண்ணி இருமுறை எண்ணுதல் வியப்பன்று.

உற்பத்தியாளர்கள் இலவசமாய் வெளியிடும் 358 இன் மாதிரியை இலட்சியக் கருவிக்குப் பதிலாக இட்டு, பாலத்துக்கு 1.5, 3.5 என்று உண்மை எண்களைக் கொடுத்து மீண்டும் ஓட்டினோம். எண்ணியின் வாயில் 'அறியப்படாதது' என்று திரை காட்டிற்று. கணினி அன்றும் பொய் சொல்லவில்லை; யாம் கேட்டதற்கே விடை சொன்னது. நடுவே 74 எச்.சி.ரி. 14 என்னும் சில்லு ஒன்றை இட்டதும் குறை நீங்கிற்று. அஃது 2 வோல்ற்றளவிலேயே 1 என ஏற்பது. தானே சிமிற் சுற்று உடையது. மெதுவாய் ஏறுவதையும் கூர்மையாக்கித் தருவது. பயப்பு 3.5 வோல்ற்றாகக் குறைந்தமையால் எல்லைகளின் இடைவெளியும் 5.8 சென்ரிமீற்றராய்க் குறைந்தது. நல்ல காலம், அலைக்கு அது போதும்.

விடையைக் கையிலெடுத்துக்கொண்டு பையனின் வீட்டுக்குப் போனேன். அவன் தகப்பனார் வலை பொத்திக்கொண்டிருந்தார். கதையை முழுதும் கேட்டபின் அவர் சொன்னதை அவர் மொழியிலேயே தருகின்றேன்: "சேர், மிதவையை ஒரு குழாய்க்குள்ள விடுங்கோ. அடியில சின்ன ஓட்டை ஒண்டு போதும். வத்தும் பெருக்கும் உள்ள வரும், அலை வராது."

துறைமுகங்களிற் கடல்மட்டம் அளப்போர் நெடுங்காலமாய்க் கையாளும் முறையும் இதுவே என்று பின்னர் அறிந்தேன். மின்சுற்று மொழியிற் சொன்னால் சிறு துளை ஒரு தடை; குழாய் ஒரு கொள்ளளவி. இதே வடிப்பை மின்னாற் செய்ய நினைத்து, 100 கிலோஓம் தடையையும் 470 மைக்ரோபரட் கொள்ளளவியையும் கணினியில் இட்டுப் பார்த்தோம். இரண்டு சென்ரிமீற்றர் அலை எழுபதிலொரு பங்குக்கும் கீழே தேய்ந்தது. ஆனால் அவ்வளவு பெரிய மின்பகு கொள்ளளவியிலே மின்கசிவு உண்டு. மூன்று மைக்ரோஅம்பியர் கசிந்தாலும் அத்தடையில் 0.3 வோல்ற்று இழப்பு. மட்டத்திலே 6 சென்ரிமீற்றர் பிழை. கசிவை யாம் எழுதிக் கொடுக்கும்வரை கணினி அதனை அறியாது. குழாயிற் கசிவில்லை. ஆதலாற் குழாயையே கொண்டோம். சிமிற் சுற்றையும் நீக்கவில்லை.

பையன் மறுநாள் மாலை வந்தான். பிரிவு மாறுவதைப் பற்றி அவனும் பேசவில்லை, யானும் கேட்கவில்லை. சென்ற மாரியிலே அக்கருவி அவர்கள் ஒழுங்கையண்டை இறங்குதுறையில் இருந்தது. எண்களை அவன் ஒரு கொப்பியிற் குறித்துவருகின்றான்.

இச்சுற்றின் வரைபடம் கல்லூரிக் கணினியில் இரு படிகளாக உள்ளது. விரும்பும் மாணவர் திறந்து ஓட்டிப் பார்க்கலாம். ஒன்று திருத்தியது; மற்றையது கண்காட்சிக்கு முந்தியது. பழையதை அழித்துவிடுகிறேன் என்றேன். அழிக்க வேண்டாமென்று அவனே தடுத்து, கோப்பின் பெயருக்கு முன்னால் 'பிழைத்தது' என்று எழுதிவைத்தான்.